காடும் கடையும்

அன்புள்ள ஐயா,

நான் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். சென்ற கோடையில் வடக்கே கெஷீனா வழியாகச் சென்றபோது மெனாமினி பழங்குடியினரின் காட்டையும் அவர்களுடைய குடியிருப்புகளையும் பார்த்தேன். அடுத்த வாரமே மினியாபொலிஸில் சோமாலியர்களின் கார்மெல் அங்காடிக்கும் போக நேர்ந்தது. மெனாமினியரிடம் 2,35,000 ஏக்கர் நிலம், மர ஆலை, சூதாட்ட விடுதி, அரசு உதவி எல்லாம் இருக்கின்றன. ஆயினும் அவர்கள் வாழும் மாவட்டம் மாநிலத்தின் ஏழ்மை மிகுந்த மாவட்டங்களில் ஒன்று. சோமாலியர்கள் ஒன்றுமில்லாமல் அகதிகளாக வந்து, முப்பது ஆண்டுகளில் கடைகளும் லாரிகளும் வைத்திருக்கிறார்கள். இரு சமூகங்களும் ஏழைகளே என்றாலும் ஒன்று ஏறுகிறது, மற்றது நின்ற இடத்திலேயே நிற்கிறது. இது உழைப்பு பற்றிய பண்பாட்டு வேறுபாடுதானே? மெனாமினியர் அந்தக் காட்டைத் தனிச்சொத்தாகப் பிரித்துக்கொண்டால் அவர்களும் முன்னேற மாட்டார்களா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாறே விடை வைத்திருக்கிறது. நீங்கள் பரிந்துரைக்கும் மருந்தை அமெரிக்கக் கூட்டரசு மெனாமினியருக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டது. அதற்குப் போகும் முன் முதல் கேள்வியில் உள்ள ஒரு சிக்கலைப் பிரித்துவிடலாம்.

ஒரு சமூகத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது யாரை எண்ணுகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். மெனாமினி மாவட்டத்தின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 4,255. பழங்குடிப் பதிவேட்டில் உள்ளவர்களோ எண்ணாயிரத்துக்கும் மேல். அதாவது ஏறத்தாழ பாதிப்பேர், உங்கள் மில்வாக்கியிலும் கிரீன் பேயிலும் சிகாகோவிலும் வேலை பார்த்துக்கொண்டு, அந்தந்த ஊர்க் கணக்கில் கரைந்துவிடுகிறார்கள். 1950களில் பழங்குடியினரை நகரங்களுக்கு அனுப்புவதற்கென்றே அரசு ஒரு திட்டம் நடத்தியது. ஆகவே மாவட்டப் புள்ளிவிவரம் காட்டுவது ஊரில் தங்கியவர்களை மட்டுமே: முதியவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், பிள்ளைகள், காட்டை விட்டுப் போக மனமில்லாதவர்கள். மினசோட்டாவின் சோமாலியப் புள்ளிவிவரம் இதற்கு நேர் எதிராக, கிளம்பி வந்தவர்களை மட்டுமே காட்டுகிறது. 1991இல் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து நாடு சிதறியபோது கென்யாவின் தாதாப் முகாமில் சேர்ந்து, இன்றுவரை அங்கேயே இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஊரிலிருந்து போனவர்களை நீக்கிய பட்டியலையும், ஊரில் நின்றுவிட்டவர்களை நீக்கிய பட்டியலையும் அருகருகே வைத்துப் பண்பாட்டைப் பற்றி முடிவுகட்டுவது சரியாகாது.

சோமாலியர்கள் ஒன்றுமில்லாமல் வந்தார்கள் என்கிறீர்கள். பெரும்பாலோர் கடனோடு வந்தார்கள் என்பதே உண்மை. அமெரிக்கா அகதிகளை ஏற்கும்போது விமானக் கட்டணத்தைக் கடனாகவே தருகிறது. வட்டி கிடையாது, ஆனால் வந்திறங்கிய சில மாதங்களிலேயே தவணை தொடங்கிவிடும். ஆறு பேர் கொண்ட குடும்பம் ஆறு பயணச்சீட்டுகளின் கடனோடு புதுவாழ்வைத் தொடங்குகிறது. ஆங்கிலம் தெரியாமலே செய்யக்கூடிய வேலை எங்கே கிடைக்குமோ அங்கே அவர்கள் போனார்கள். மினசோட்டாவின் மார்ஷலிலும் வில்மரிலும், உங்கள் மாநிலத்தின் பாரனிலும் உள்ள வான்கோழி ஆலைகள்தாம் அந்த இடங்கள். குளிரூட்டிய கூடத்தில் நின்றபடி, நகர்ந்துவரும் பறவைகளை நாள் முழுவதும் வெட்டும் அந்த வேலைக்கு உள்ளூர் ஆட்கள் போதவில்லை. ஆலைக்கு ஆள் வேண்டியிருந்தது, அகதிக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. பண்பாட்டைத் தேடுவதற்கு முன் இந்தத் தேவையைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்த்த கார்மெல் அங்காடியின் கதை இதற்கு அடுத்த கட்டம். ஆலையிலும் டாக்ஸியிலும், முதியோரை வீட்டில் பராமரிக்கும் பணியிலும் சேர்ந்த பணம் அங்கே முதலாகிறது. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதால் வங்கிக் கடனை நாடப் பலர் தயங்குவார்கள். அதனால் அந்தக் குறுகிய கடைகள் பலவற்றுக்குப் பின்னால் 'ஹக்பாத்' என்றும் 'அயூத்தோ' என்றும் அவர்கள் அழைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் பெண்கள், மாதந்தோறும் ஒரு தொகை போட, முறை வந்தவருக்கு மொத்தமும் போய்ச்சேரும். நம் ஊரில் இதைக் குலுக்குச் சீட்டு என்போம். ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஒரு தையல் துணிக்கடையோ நகைக்கடையோ தொடங்க அது போதும். வீடு வாங்கப் போதாது. கடை பெருகியிருக்கும் அளவுக்குச் சொந்த வீடு பெருகாததற்கு இது ஒரு காரணம்.

வருமானத்தில் இன்னொரு பகுதி அங்கே தங்குவதே இல்லை. வெளிநாட்டுச் சோமாலியர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பும் பணம் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல். அந்த நாட்டின் பல குடும்பங்களுக்கு அதுவே அடுப்பு எரிக்கும் பணம். நம் ஈழத்துச் சொந்தங்கள் உண்டியல் என்று சொல்லும் முறையை ஒத்த நிறுவனங்கள் வழியாகவே அது போகிறது. 2001 நவம்பரில் அல்-பரகாத் என்ற நிறுவனத்தின் மினியாபொலிஸ் அலுவலகங்களை அரசு மூடியபோதும், 2011 இறுதியில் இந்தப் பரிமாற்றத்துக்குக் கணக்கு வைத்துக்கொடுத்த உள்ளூர் வங்கி பின்வாங்கியபோதும், பணம் அனுப்ப வழியின்றிக் குடும்பங்கள் தவித்தன. அமெரிக்க வறுமைக்கோடு இதில் எதையும் பார்ப்பதில்லை. 1960களில் மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர், ஒரு குடும்பத்தின் குறைந்தபட்ச உணவுச் செலவை மூன்றால் பெருக்கி வகுத்த அந்த அளவுகோல், கைக்கு வரும் ரொக்கத்தை மட்டுமே எண்ணும். வந்த பணத்தில் ஒரு பங்கு மொகதிஷுவில் உள்ள தாய்க்குப் போவது அதற்குத் தெரியாது. (இதே சோமாலியர்களை அரசு உதவியில் வாழ்கிறவர்கள் என்று வசைபாடும் கடிதங்களும் எனக்கு வருகின்றன. நீங்கள் அவர்களை முன்மாதிரியாக்குகிறீர்கள். இரு தரப்பும் காட்டுவது அதே வறுமை விகிதத்தைத்தான்.)

அதே அளவுகோல் மெனாமினியரின் காட்டையும் எண்ணுவதில்லை. மான், மீன், காட்டரிசி, விறகு ஆகியவை அதற்கு வருமானம் ஆகா. ஆனால் அந்த வேட்டை, மீன்பிடி உரிமைக்காக அவர்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் 1968இல் வென்றிருக்கிறார்கள்.

இனி காட்டைப் பற்றி. ஒரு கோடி ஏக்கர் அளவுக்குப் பரந்திருந்த தம் நிலத்தை ஒப்பந்தம் ஒப்பந்தமாக இழந்த பின், 1854இல் எஞ்சிய பகுதி இது. 1887க்குப் பின் பல பழங்குடிகளின் நிலத்தை அரசு தனிமனிதத் துண்டுகளாகப் பிரித்து, அவை வெள்ளையர் கைக்கு விலைபோனபோது, மெனாமினியர் பிரிக்க இடம்கொடுக்கவில்லை. உதிக்கும் சூரியன் பக்கம் தொடங்கி மறையும் பக்கம் நோக்கி, முதிர்ந்த மரத்தையும் நோயுற்ற மரத்தையும் மட்டும் வெட்டிக்கொண்டே போக வேண்டும், எல்லையை எட்டியதும் அப்படியே திரும்ப வேண்டும் என்று தலைவர் ஆஷ்காஷ் சொன்னதாக அங்கே ஒரு வழக்கு உண்டு. நியோபிட் மர ஆலை 1908இல் தொடங்கியது. நூறாண்டுக்கும் மேலாக வெட்டிய பிறகும், இன்று அங்கே நிற்கும் மரத்தின் அளவு 1854இல் இருந்ததைவிட அதிகம். சுற்றியுள்ள பகுதிகளில் காடு அழிந்து வயலாகிவிட்டதால், விண்ணிலிருந்து எடுத்த படத்தில் அந்த ஒதுக்கிடத்தின் எல்லை கோடு போட்டதுபோலத் தெரியும்.

ஆனால் இத்தகைய காடு அதிகம் பேருக்கு வேலை தராது. ஓராண்டில் எத்தனை மரம் வெட்டலாம் என்பதைக் காட்டின் வளர்ச்சி தீர்மானிக்கிறது, சந்தை தீர்மானிப்பதில்லை. மரத்தின் விலை இரட்டிப்பானாலும் வெட்டும் அளவை இரட்டிப்பாக்க முடியாது. கார்மெலில் வியாபாரம் நன்றாக நடந்தால் பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுக்கலாம். நியோபிட்டில் அது நடக்காது. நிலம் கூட்டரசின் பொறுப்பில் உள்ள பொதுச்சொத்து என்பதால் அதை வங்கியில் அடமானம் வைக்கவும் முடியாது. இத்தகைய நிலத்தில் வீடு கட்டுபவருக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் தரும் ஏற்பாடே 1992இல்தான் வந்தது. சூதாட்ட விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒனைடா என்ற இன்னொரு பழங்குடியினரின் விடுதி கிரீன் பே விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது, மெனாமினியரின் விடுதி காட்டோரத்தில் இருக்கிறது. மில்வாக்கிக்கும் சிகாகோவுக்கும் நடுவே கெனோஷாவில் ஒன்று கட்ட அவர்கள் பல்லாண்டுகள் முயன்றார்கள். கூட்டரசு இசைந்தது, 2015 ஜனவரியில் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர் மறுத்துவிட்டார்.

இப்போது உங்கள் மருந்து. 1950களின் தொடக்கத்தில் மெனாமினியர், தம் நிர்வாகச் செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்ற மிகச்சில பழங்குடிகளில் ஒருவர். சுமார் ஒரு கோடி டாலர் ரொக்க இருப்பு, ஆலை, சொந்த மருத்துவமனை எல்லாம் இருந்தன. காட்டை அரசு தவறாக நிர்வகித்ததற்காக வழக்காடி 1951இல் 85 லட்சம் டாலர் இழப்பீடும் பெற்றார்கள். அதில் தலைக்கு 1,500 டாலர் பிரித்துத் தரும்படி கேட்டபோது, யூட்டாவின் செனட்டர் ஆர்தர் வாட்கின்ஸ், கூட்டரசுப் பொறுப்பிலிருந்து விலகச் சம்மதித்தால்தான் பணம் என்றார். 1953 ஜூனில் அவர் நேரில் வந்து பேசியபின் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 169, எதிர்ப்பு 5. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் அன்று வாக்களித்தவர்கள் அவ்வளவுதான். என்ன நடக்கிறது என்று விளங்கியபின் கூடி எதிர்த்து வாக்களித்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. கூட்டரசு அங்கீகரித்த பழங்குடித் தகுதியை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 1954இல் வந்தது, 1961இல் நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கிடம் விஸ்கான்சினின் 72ஆவது மாவட்டமாயிற்று. காடும் ஆலையும் ஒரு நிறுவனத்துக்குப் போயின. ஒவ்வொருவருக்கும் 100 பங்குகளும் 3,000 டாலர் மதிப்புள்ள கடன்பத்திரமும் ஒதுக்கப்பட்டன.

அந்த மாவட்டத்தில் வரி கட்டக்கூடிய பெரிய நிறுவனம் அது ஒன்றே. சாலை, காவல், பள்ளி எல்லாவற்றின் சுமையும் ஒரே மர ஆலையின் தலையில் விழுந்தது. மாநிலத் தரவிதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மருத்துவமனை மூடப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் ரொக்க இருப்பு சில லட்சங்களாகச் சுருங்கியது. வேலை போய் அரசு உதவி கேட்டவர்கள் அந்தக் கடன்பத்திரத்தை மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கையிலிருந்த ஒரே தனிச்சொத்து அப்படிப் போனது. வரி கட்டப் பணம் தேடி, சிற்றேரிகளை அணைகட்டி ஒன்றாக இணைத்து, கரையோர மனைகளை வெளியாருக்கு விற்கத் தொடங்கினார்கள். லெஜண்ட் ஏரி என்று நீங்கள் வரைபடத்தில் பார்ப்பது அதுதான். இதை எதிர்த்து மெனாமினியரான ஏடா டியர் முதலானோர் 1970இல் தொடங்கிய இயக்கத்தின் விளைவாக, 1973 டிசம்பரில் நிக்சன் கையெழுத்திட்டு பழங்குடித் தகுதியை மீட்டளித்தார். பொதுச்சொத்தைத் தனிச்சொத்தாக்கியதால் வந்த வறுமை அது. மீட்புக்குப் பின்னான ஐம்பதாண்டுக் கணக்கை எடுப்பவர், அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளின் பள்ளத்திலிருந்து அவர்கள் ஏறிவந்ததையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

மெனாமினியரை யாருடனாவது ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஆரிகனின் கிளமத் மக்களுடன் ஒப்பிடுங்கள். அவர்களிடமும் பெருங்காடு இருந்தது, அவர்களுக்கும் 1954இல் இதே சட்டம் வந்தது. நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் தம் பங்கை விற்கத் தீர்மானித்து, தலைக்குச் சுமார் 43,000 டாலர் பெற்றார்கள். அன்றைக்கு அது பெரும்பணம். காட்டின் பெரும்பகுதி தேசியக் காடானது. 1986இல் பழங்குடித் தகுதி மட்டும் திரும்பக் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. மெனாமினியர் வறுமையோடு இருக்கிறார்கள், ஆனால் காடும் ஆலையும் 1993இல் தொடங்கிய கல்லூரியும் அவர்களிடம் இருக்கின்றன.

சோமாலியர்களுக்கு உரிய இணை உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 1975க்குப் பின் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹமாங் மக்கள், வாசாவிலும் மில்வாக்கியிலும் குடியேறி, ஒரு தலைமுறை முன்னதாகவே இதே பாதையில் நடந்திருக்கிறார்கள். அவர்களுடைய முதல் இருபது ஆண்டுகளையும் சோமாலியர்களின் முதல் இருபது ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நீங்கள் மில்வாக்கியில் இருப்பதால் அவர்களுடைய சந்தைகளுக்கே போய் விசாரிக்க முடியும். எழுதினால் இங்கேயே வெளியிடுகிறேன்.