18 வயதுக்குப் பிறகு 180 நாள்: மகன் கிளம்புவதா, இருப்பதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவரின் எச்-1பி வேலை விசாவில் வந்தபோது மகனுக்கு 6 வயது. குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் வந்தான். சில ஆண்டுகளில் கணவரின் வேலை போனது, நீட்டிப்பு மனு நிராகரிக்கப்பட்டது. பிள்ளையின் படிப்பு, ஊரில் இருந்த கடன் என்று ஏதேதோ காரணத்தால் திரும்பிப் போகாமலே இருந்துவிட்டோம். மகனுக்கு இந்தப் பிப்ரவரி 12 அன்று 18 வயது நிறைந்தது. ஜூனில் பள்ளிப் படிப்பு முடிகிறது. இங்குள்ள மாநிலக் கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கிறது. இங்கே பிறந்த மகளுக்கு 9 வயது. “டாகாவில் (சிறு வயதில் வந்த பிள்ளைகளை நாடு கடத்தாமல் இருக்க அனுமதிக்கும் திட்டம்) விண்ணப்பியுங்கள்” என்கிறார் நாத்தனார். “செயலியில் பதிவு செய்தால் அரசே பணம் கொடுத்து அனுப்புகிறது, ஊருக்கு அனுப்பிவிடலாம்” என்கிறார் கணவர். மகன் வாயே திறப்பதில்லை. அவனை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா?

பதில்:

அன்புள்ள சகோதரி, ஆகஸ்ட் 11 என்ற தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அந்தத் தேதியை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 1996-இல் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது. உரிய அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினால் 3 ஆண்டு திரும்பி வர முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறினால் 10 ஆண்டு. ஆனால் 18 வயது நிறையும்வரை கழிந்த நாள்கள் இந்தக் கணக்கில் சேரா. உங்கள் மகன் எத்தனை ஆண்டு சட்டப்படி தங்கும் அந்தஸ்து இல்லாமல் இருந்திருந்தாலும் அவனுடைய எண்ணிக்கை இந்தப் பிப்ரவரியில்தான் தொடங்கியது. பிப்ரவரி 12-இலிருந்து 180 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 11. பிறந்த நாளையே முதல் நாளாகக் கொள்வதா, மறுநாளையா என்று ஒரு நாள் இழுபறி வரலாம். விமானம் ரத்தாகலாம். அதனால் போவதாக முடிவெடுத்தால் ஜூலை முடிவதற்குள் அவன் இந்தியாவில் இறங்கியிருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பவும் அவகாசம் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தடை விழுவது தங்கியிருக்கும்போது அல்ல, வெளியே காலெடுத்து வைக்கும்போது. அதனால்தான் 19, 20 வயதுப் பிள்ளைகள் பாட்டி சாவுக்குக்கூட ஊருக்குப் போக முடியாமல் இருக்கிறார்கள். போனால் 10 ஆண்டு என்று தெரியும். உங்கள் மகனுக்கு ஆகஸ்ட் வரை அந்தக் கட்டு இல்லை. இன்று அவன் இருக்கலாம், போகலாம். போவதற்குத் தனியாகத் தடை விழாது. அடுத்த பிப்ரவரி தாண்டிவிட்டால் போவதே தண்டனையாகிவிடும். முடிவு எடுக்காமல் நாளைக் கடத்துவதும் ஒரு முடிவுதான். பயத்தாலும் சங்கடத்தாலும் பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

மேலே சொன்ன கணக்கு சரிதானா என்று காகிதத்தில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் (சிபிபி) இணையதளத்தில் மகனின் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்தால் ஐ-94 என்ற வருகைப் பதிவு வரும். அதில் எத்தனாம் தேதிவரை தங்கலாம் என்று இருக்கும். எச்-4 விசாவில் வந்தவர்களுக்குக் குறிப்பிட்ட தேதியே இருக்கும். மாணவர் விசா போன்ற சில விசாக்களில் வந்தவர்களுக்கு ‘டி/எஸ்’ என்ற இரண்டே எழுத்து இருக்கும், அவர்களுடைய கணக்கு வேறு மாதிரி. ஐ-94 தாளையும், உள்ளே வந்தபோது முத்திரை விழுந்த பழைய கடவுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள். அவன் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவில்லை, அதிகாரி முன்னால் நின்று அனுமதி பெற்று வந்தவன் என்பதற்கு அவைதான் சாட்சி. இருப்பதென்று முடிவானால் அந்தச் சாட்சியின் மதிப்பு பின்னால் தெரியும்.

அடுத்து, அவன் பெயரில் குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நீட்டிப்பு மனு நிராகரிக்கப்பட்ட பின் வீடு மாறியிருந்தால், ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். ‘ஏ’ என்று தொடங்கும் 9 இலக்க எண் அவனுக்கு இருக்கிறதா என்று பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேடுங்கள். இருந்தால் நீதிமன்றத்தின் தானியங்கித் தகவல் சேவையில் அந்த எண்ணைக் கொடுத்து வழக்கின் நிலையை அறியலாம். வழக்கு இருந்து, அதை முடிக்காமல் அவன் விமானம் ஏறினால், ஆஜராகாத குற்றத்துக்கு அவன் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு பிறக்கும். அந்த உத்தரவுக்குத் தனித் தடை உண்டு. 18 வயதுச் சலுகையெல்லாம் அதற்குக் கிடையாது. வழக்கு இருந்தால் வழக்கறிஞர் மூலம் நீதிபதியிடம் ‘தானாக வெளியேறும் அனுமதி’ கேட்க வேண்டும். ஏற்கெனவே உத்தரவு விழுந்திருந்தால் அவன் புறப்படுவதே உத்தரவை நிறைவேற்றியதாகிவிடும். நான் மேலே சொன்ன ஆகஸ்ட் கணக்கு, வழக்கு எதுவும் இல்லாத பிள்ளைக்கு.

உங்கள் கணவர் சொன்ன செயலிக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ‘சிபிபி ஹோம்’ செயலி வழியாகப் பதிவு செய்து கிளம்புவோருக்குப் பயணச் செலவும் 1,000 டாலரும் தருவதாக அறிவித்தது. தொகை பிறகு மாறியிருக்கிறது. அந்தப் பணம் 3 ஆண்டு, 10 ஆண்டுத் தடைகளை நீக்கிவிடாது. வழக்கு இல்லாத, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் ஊருக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; டிக்கெட் எடுத்து விமானம் ஏறினால் போதும். மேலும் மகனைப் பதியும்போது வீட்டு முகவரியையும் கொடுப்பீர்கள். அந்த வீட்டில் நீங்களும் இருக்கிறீர்கள் என்பதை யோசியுங்கள்.

டாகா இவனுக்கு இல்லை. 2012 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் சேர, 2007 ஜூன் 15-இலிருந்து தொடர்ந்து அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். இன்று 18 வயதாகும் பிள்ளைகள் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள். போதாததற்கு, 2021 ஜூலையில் டெக்சாஸ் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு பழையவர்களின் புதுப்பிப்பு நடக்கிறதே தவிர, புதிதாக யாருக்கும் வழங்கப்படுவதில்லை. இத்தகைய பிள்ளைகளுக்கு நிரந்தர அந்தஸ்து தரும் ‘டிரீம்’ சட்டமுன்வடிவு முதன்முதலில் 2001-இல் வந்தது; இன்னும் சட்டமாகவில்லை. அன்று 18 வயதில் அதற்காகக் காத்திருந்தவர்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அதை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திட்டமிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருந்தால் என்ன? நியூ ஜெர்சி நல்ல மாநிலம் என்பதை மறுக்க முடியாது. அந்தஸ்து இல்லாத மாணவர்களும் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கலாம். 2018 முதல் மாநில உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். 2021 முதல் ஓட்டுநர் உரிமமும் உண்டு. மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பட்டம் வாங்கலாம், ஆனால் அதை வைத்து முறையாக வேலைக்குச் சேர முடியாது. 22 வயதில், கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போகும்போது, இவன் ஏதாவது கடையில் ரொக்கச் சம்பளத்துக்கு நிற்பான். அந்த வயதில்தான் இந்தப் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். பள்ளிக்கூட வயதில் அந்தஸ்து இல்லாதது அவ்வளவாக உறைப்பதில்லை.

இருப்பவனுக்கும் ஒரு நேர்வழி உண்டு. முறையாக அனுமதி பெற்று நுழைந்தவன் என்பதால், பிற்காலத்தில் ஓர் அமெரிக்கக் குடிமகளை மணந்தால், நாட்டைவிட்டு வெளியேறாமலே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். நான் சொல்வது நிஜமான திருமணத்தை. காகிதத்துக்காகச் செய்த கல்யாணம் என்று நிரூபணமானால் அதன்பின் யார் மனு போட்டாலும் அவனுக்குக் கிரீன் கார்டு கிடைக்காது. ஊர்ப் பெண்ணோ, யாரோ, பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுப் படி ஏற விடாதீர்கள். “அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்துவை, வேலை அனுமதி வரும்” என்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஊரில் உயிருக்கு உண்மையான ஆபத்து இருந்தால் அது வேறு, உடனே வழக்கறிஞரிடம் போங்கள். பொய்க் கதை எழுதி விண்ணப்பித்தால் எந்தக் குடியேற்றப் பலனும் நிரந்தரமாகக் கிடைக்காமல் போகலாம். 2025 பிப்ரவரி முதல், எந்தக் குடியேற்ற மனு நிராகரிக்கப்பட்டாலும், அந்தஸ்து இல்லாதவருக்கு நீதிமன்ற நோட்டீஸ் அனுப்புவதும் நடைமுறையாகிவிட்டது.

அவன் இருப்பதாக முடிவெடுத்தால் அவனிடம் நேரே சொல்ல வேண்டியவை இரண்டு. வேலைக்கோ வாக்காளர் பதிவுக்கோ எந்தப் படிவத்திலும் ‘அமெரிக்கக் குடிமகன்’ என்ற கட்டத்தில் குறியிடக் கூடாது. அந்த ஒரு குறிக்கு மன்னிப்பே இல்லை; குடிமகளை மணந்தாலும் கிரீன் கார்டு நின்றுபோகும். கஞ்சா நியூ ஜெர்சியில் சட்டபூர்வமாக விற்கப்பட்டாலும் மத்திய குடியேற்றச் சட்டத்தில் குற்றம்தான். கல்லூரி விடுதியில் எல்லாரும் சாதாரணமாகச் செய்வதை இவன் செய்ய முடியாது.

போனால் என்ன? இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தடை இல்லை என்பதற்கு விசா கிடைக்கும் என்று பொருள் இல்லை. அனுமதிக் காலம் தாண்டித் தங்கியவன் என்பது பதிவில் இருக்கும். சுற்றுலா விசாவுக்கோ மாணவர் விசாவுக்கோ சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நின்றால், ‘திரும்பி வருவான் என்ற நம்பிக்கை இல்லை’ என்று பெரும்பாலும் மறுப்பார்கள். நீங்களோ 10 ஆண்டுத் தடைக்குப் பயந்து அங்கே போக முடியாது. ஆக, அவன் போனால், நீங்கள் அவனை நேரில் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம். தங்கை மட்டும் அமெரிக்கக் கடவுச்சீட்டில் போய் வரலாம். இதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஆனால் அவன் போனால் வாழ்க்கை திறந்திருக்கும். இந்தியாவில் பட்டம் பெற்று வேலைக்குப் போய், நிறுவனம் வழியாக எச்-1பி அல்லது எல்-1 (ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றம்) விசாவில் வரலாம். அந்த விசாக்களுக்கு ‘திரும்பி வருவாயா’ என்ற கேள்வி தடையாக நிற்காது. தங்கைக்கு 21 வயதாகும்போது அவள் உங்களுக்கு மனு போடலாம். இன்றைய சட்டப்படி, முறையாக நுழைந்த பெற்றோர் என்பதால் நீங்கள் வெளியேறாமலே கிரீன் கார்டு பெற வழி உண்டு. பெற்றபின் நீங்கள் மகனுக்கு மனு போடலாம். திருமணமாகாதவனாக இருந்தால் பல ஆண்டு வரிசையில் நின்று, தடை ஏதும் இல்லாமல் இந்தியாவில் விசா வாங்கி வருவான். அதே மகன் இங்கேயே இருந்திருந்தால், அந்த விசாவுக்காக வெளியே போகும் கணத்தில் 10 ஆண்டுத் தடை விழும். பெற்றோருக்குப் பெரும் துன்பம் நேரும் என்று நிரூபித்து விலக்கு வாங்கினால்தான் தப்பலாம்.

கனடாவுக்கு அனுப்பலாமே என்று யோசித்திருப்பீர்கள். விண்ணப்பத்தில் அமெரிக்காவில் இருந்த நிலையைக் கேட்பார்கள். மறைத்துச் சொன்னால் 5 ஆண்டுத் தடை. உண்மையைச் சொல்லியே விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆகஸ்டுக்குள் பதில் வரும் என்று நம்பியிருக்காதீர்கள்.

இந்தியா என்றால் வேலை இன்றே தொடங்க வேண்டும். கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தால் நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். அந்தஸ்து பற்றிக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். நேரத்துக்கு வராவிட்டால், இந்தியாவுக்கு ஒருவழிப் பயணம் செய்ய மட்டும் உதவும் அவசரச் சான்றிதழைத் தூதரகத்தில் கேட்கலாம். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரையை மாநில அரசிடம் வாங்குங்கள். பிளஸ் டூவுக்கு இணையானது என்ற சான்றை இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் தரும். கணிதம், அறிவியல் பாடங்களை அவன் என்ன நிலையில் படித்திருக்கிறான் என்பதைச் சேரப்போகும் கல்லூரியிடம் முன்கூட்டியே காட்டிக் கேட்டுவிடுங்கள். இந்த ஆண்டுச் சேர்க்கை தவறினாலும் பரவாயில்லை. ஓராண்டு காத்திருந்து சேரலாம். ஆகஸ்ட் 11 திரும்ப வராது.

இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து வெளியேறும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். போர்டிங் பாஸ், சென்னையில் விழும் வருகை முத்திரை, இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் கிளம்பினான் என்று பத்தாண்டு கழித்து ஒரு விசா அதிகாரி கேட்கும்போது அவைதான் பேசும்.

நான் என்ன செய்யச் சொல்வேன்? வழக்கு இல்லை, ஊரில் ஆபத்து இல்லை, அங்கே அவனை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தாத்தாவோ சித்தியோ மனதார இருக்கிறார்கள் என்றால், ஆகஸ்டுக்கு முன் போவதே நல்லது என்பது என் கருத்து. அந்த வீடு இல்லாவிட்டால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 6 வயதில் விட்டு வந்த ஊர் 18 வயதுப் பிள்ளைக்குச் சொந்த ஊர் ஆகிவிடாது. பஸ் பலகையைப் படிக்கத் திணறும் பிள்ளையைத் தனி அறையில் வாடகைக்கு வைத்துவிட்டால் ஓராண்டில் மனம் முறிந்துபோவான்.

அவன் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதாகிவிடுமோ என்று பயப்படுகிறான் என்று நினைக்கிறேன். அவனை உட்காரவைத்து, இது நாங்கள் எடுத்த முடிவால் வந்தது, உன் தவறு இதில் துளியும் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். பிறகு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். 18 வயது ஆனவன். வழக்கறிஞரிடம் போகும்போது நாற்காலியில் அவன் உட்காரட்டும், கேள்விகளை அவன் கேட்கட்டும். அரை மணி நேரம் அவன் மட்டும் தனியாகப் பேசவும் விடுங்கள். உங்களிடம் சொல்லாத ஏதாவது இருக்கலாம், ஒரு காதல், ஒரு போலீஸ் அபராதச் சீட்டு. அது முடிவையே மாற்றக்கூடும்.

வழக்கறிஞர் என்றால் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு உள்ளவர், அல்லது அமெரிக்க நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. படிவம் நிரப்பித் தரும் கடைக்காரர்கள் வேண்டாம். ஐ-94, பழைய கடவுச்சீட்டு, நிராகரிப்புக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், இவற்றோடு இந்த மாதமே போய்விடுங்கள். ஜூலையில் போனால், அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் தேதி தாண்டிவிடும்.