கூட்ஸ் கார்டு வேலையில் சேரலாமா?

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. முடித்து, ரயில்வே வேலைக்கான ஆர்ஆர்பி என்டிபிசி தேர்வு எழுதினேன். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் போகும் கூட்ஸ் கார்டு வேலை கிடைத்திருக்கிறது. நீங்கள் இருபது வருடத்துக்கு மேல் அதில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். “ராத்திரியில் காட்டுக்குள் தனியாக நிற்கிற வேலை, வேண்டாம்” என்கிறார் அம்மா. சேரலாமா, வேறு தேர்வுக்குப் படிக்கலாமா?

எஸ்., ஆத்தூர்

அன்புள்ள தம்பி,

சேருங்கள். ஆனால் அம்மா சொன்னதில் பொய் இல்லை. அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள்.

2022 முதல் பதவியின் பெயர் ‘டிரெயின் மேனேஜர்’. வேலை அதேதான். பயிற்சிப் பள்ளியில் சிக்னலும் விதிகளும் சொல்லித் தருவார்கள். அப்புறம் மூத்த கார்டுகளோடு லைன் பழக அனுப்புவார்கள். எந்த ஸ்டேஷனில் லூப் (வண்டி ஒதுங்கி நிற்கும் கிளைப்பாதை) எந்தப் பக்கம், எங்கே ஏற்றம், எந்த வளைவில் எட்டிப் பார்த்தால் முழு வண்டியும் தெரியும் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நிலக்கரி வண்டி என்றால் 58 வேகன், கடைசியில் கார்டு இருக்கும் பிரேக் வேன். எஞ்சின் அறுநூறு மீட்டருக்கு அப்பால். பேச்சுத் துணைக்கு வாக்கி டாக்கி. பல பிரேக் வேன்களில் கழிப்பறை கிடையாது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு மணிக்கணக்கில் லூப்பில் நிற்க வேண்டியிருக்கும்.

மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி போன ஓர் இரவு. மொரப்பூர் தாண்டியதும், பிரேக் குழாயின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜில், 4.8-இல் நிற்க வேண்டிய முள் சரசரவென்று இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. “பிரஷர் போச்சு சார், பாருங்க” என்றார் டிரைவர். கைப்பிரேக்கை முறுக்கிவிட்டு, டார்ச்சோடு ஜல்லியில் நடந்தேன். எதிரே உதவி டிரைவர் வந்துகொண்டிருந்தார். காற்று சீறும் சத்தத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தோம். இரண்டு வேகன்களுக்கு நடுவே பிரேக் காற்று போகும் ஹோஸ் பைப் கழன்று தொங்கியது. மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, முள் பழையபடி ஏறும்வரை பார்த்திருந்து, பச்சை விளக்கு காட்டினேன்.

சரிசெய்ய முடியாமல் வண்டி அங்கேயே கிடந்திருந்தால், பின்னால் வரும் வண்டி மோதாமல் எச்சரிக்க, வந்த வழியே திரும்பி நடந்திருக்க வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தில் ஒரு டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிப்பது), 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. இருட்டில், கையில் சிவப்பு விளக்கோடு, தனியாக. அம்மா பயப்படுவது இந்த நடைக்குத்தான். இதைப் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள் தம்பி. ஒருமுறையாவது இரவில் அவ்வளவு தூரம் நடந்து பாருங்கள்.

தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய், ஓடுகிற கிலோமீட்டருக்குத் தனிப்படி. கடைசி வேகனில் கருவி மாட்டி, கார்டு இல்லாமல் ஓட்டும் முயற்சியும் நடக்கிறது. ஆனால் கூட்ஸோடு நின்றுவிடும் வேலை இல்லை இது. பதவி உயர்வில் பாசஞ்சர், மெயில் வண்டிகளுக்குப் போகலாம்.

முதல் வருடம் படுத்துவது தூக்கம்தான். ராத்திரி 2 மணிக்கும் டியூட்டிக்குக் கூப்பிடுவார்கள். பகலில் தூங்கப் பழகுங்கள். என் மனைவி ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டிவைத்திருந்தாள். அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நைட் முடித்து வந்து படுத்திருக்கும்போது, சாப்பிடுவதற்காகக்கூட எழுப்ப வேண்டாம்.