பழைய மைஃபோர்ட் லேத்துக்கு உதிரிபாகம் எங்கே தேடுவது?

கேள்வி: சுங்கை காடுட்டில் பட்டறை வைத்திருந்த என் தாய்மாமா காலமான பிறகு, அவருடைய மைஃபோர்ட் எம்எல்7 லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) என்னிடம் வந்திருக்கிறது. மோட்டார் ஓடுகிறது, வேலைப்பொருளைப் பிடிக்கும் நான்கு தாடைச் சக் நன்றாக இருக்கிறது. ஆனால் வேகத்தைக் குறைக்கும் பேக் கியரின் பெரிய சக்கரத்தில் இரண்டு பற்கள் உடைந்திருக்கின்றன. திருகு மரை வெட்ட மாற்றிப் போடும் சேஞ்ச் கியர்களில் நான்கைக் காணோம். வெட்டும் உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றுகிறது. மூன்று தாடைச் சக்கை லேத்தில் மாட்டும் பின்தட்டு இல்லை. ஜாலான் புசார் கடைகளில் கேட்டால் மைஃபோர்ட் பாகம் வைப்பதில்லை என்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதா, இன்னொரு பழைய லேத்தை வாங்கிப் பிரிப்பதா, பழைய இரும்புக்கே போட்டுவிடுவதா? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: பழைய இரும்புக்குப் போடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு குறைகளில் ஒன்றுகூட லேத்தின் உயிரைத் தொடுவது அல்ல. லேத்தின் உயிர், அடித்தளமான பெட்டிலும் சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலிலும் இருக்கிறது. அவற்றைச் சோதிக்காமல் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம்.

பெட் தேய்மானத்தைக் கையாலேயே சோதிக்கலாம். உளியைத் தாங்கிப் பெட் மேல் நகரும் சாடிலைச் சக்குக்கு அருகில் கொண்டுவந்து, ஆட்டம் இல்லாமல் லேசாக உரசும் அளவுக்கு, இடைவெளியைக் கட்டுப்படுத்தும் ஜிப் திருகுகளைச் சரிசெய்யுங்கள். பிறகு மெதுவாக எதிர்க் கோடியில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். பெரும்பாலான வேலை சக்கை ஒட்டியே நடப்பதால் அங்கேதான் பெட் அதிகம் தேய்ந்திருக்கும்; தேயாத கோடிக்குப் போகப் போகச் சாடில் இறுகும். கொஞ்சம் கனத்தால் கவலை இல்லை. நடுவழியிலேயே நகர மறுத்தால் பெட்டைத் தீட்டக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவு மற்ற எல்லாப் பாகங்களின் விலையையும் தாண்டிவிடும். அப்படியானால் மட்டும் இன்னொரு லேத்தைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்தது ஸ்பிண்டில். எம்எல்7-இல் ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கில் இருப்பது வெள்ளீய உலோக பேரிங். சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை ஸ்பிண்டில் மேல் வைத்து, கம்பியைத் தூக்கிப் பாருங்கள். முள் தெளிவாகத் துள்ளினால் பயப்பட வேண்டாம். பேரிங் மூடிகளுக்கு அடியில் இருக்கும் ஷிம், மெல்லிய தாள்களை ஒட்டிய அடுக்கு. ஒரு அடுக்கை உரித்தெடுத்தால் ஆட்டம் குறையும். மைஃபோர்ட் இதற்காகவே அப்படிச் செய்தார்கள். எந்த ஷிம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்து வையுங்கள், மாற்றிப் போட்டால் பேரிங் கெட்டுவிடும்.

இனி பாகங்களுக்கு வருவோம். கடைக்காரர்கள் இல்லை என்றதற்குக் காரணம், நீங்கள் லேத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதுதான். அளவைச் சொல்லிக் கேளுங்கள். வி-பெல்ட்டின் மேல்பக்க அகலம் 13 மிமீ என்றால் அது ஏ பிரிவு, 10 மிமீ என்றால் இசட் பிரிவு. இரண்டும் எந்த பெல்ட் கடையிலும் கிடைக்கும். பால் பேரிங் இருக்கும் இடத்தில் அதன் வளையத்தில் பொறித்த எண்ணைப் படியுங்கள். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மிமீ. எந்த நாட்டு பேரிங்கானாலும் அதே அளவுதான். திருகுகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இது பிரிட்டிஷ் இயந்திரம், மரைகளும் பிஎஸ்எஃப், பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் வகை. கால் அங்குல பிஎஸ்எஃப் மரையில் அங்குலத்துக்கு 26 சுற்று. கண்ணுக்கு எம்6 என்ற மெட்ரிக் மரை போலத் தெரியும், எம்6 திருகு ஒரு சுற்று உள்ளே போகவும் செய்யும். அதை இறுக்கிவிட்டால் வார்ப்பிரும்பின் மரை போய்விடும். ஜாலான் புசார், கெலந்தான் லேன் பக்கப் பழைய இரும்புக் கடைகளில் பழைய திருகு ஒன்றைக் கையில் எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள். செம்பவாங் கடற்படைத் தளம் 1938-இல் திறக்கப்பட்ட காலத்திலிருந்து பிரிட்டிஷ் இயந்திரங்கள் ஓடிய ஊர் இது. அந்த மரையை இன்னும் அடையாளம் கண்டு எடுத்துத் தரக்கூடிய பெரியவர்கள் அந்தக் கடைகளில் இருக்கக்கூடும்.

காணாமல் போன சேஞ்ச் கியர்கள் விஷயத்தில் நிதானம் தேவை. வாங்குவதற்கு முன் மாமாவின் பழைய டப்பாக்களையெல்லாம் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சேஞ்ச் கியர்கள் வேறொரு டப்பாவின் அடியில் கிடப்பது வழக்கம். இல்லவே இல்லையென்றால், இருக்கும் கியர் ஒன்றை அளவெடுங்கள். பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதை அங்குலத்தில் அளந்த வெளிவிட்டத்தால் வகுத்தால், பல்லின் அளவைக் குறிக்கும் டயமெட்ரல் பிட்ச் (டிபி) வரும். 40 பல் கியரின் வெளிவிட்டம் 2.1 அங்குலம் என்றால், 42-ஐ 2.1-ஆல் வகுக்க 20. எம்எல்7-க்கு வேண்டியது அந்த 20 டிபிதான், பல்லின் பக்கச் சாய்வைக் குறிக்கும் அழுத்தக் கோணம் 14½ பாகை.

இங்குள்ள கியர் கடைகளில் பெரும்பாலும் மாட்யூல் என்ற மெட்ரிக் பல் அளவில்தான் இருக்கும். 20 டிபியை மாட்யூலாக மாற்றினால் 1.27, அப்படி ஒரு பொது அளவு கிடையாது. ‘1.25 மாட்யூல் இருக்கிறது, ஓடிவிடும்’ என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 40 பல்லுக்கு 1.25 மாட்யூலில் வெளிவிட்டம் 52.5 மிமீ, உங்கள் கியருக்கு 53.34 மிமீ. பல்லுக்குப் பல் இடைவெளியும் வேறு. ஓரிரு பல் கவ்வும், அப்புறம் முட்டும், இரைச்சலோடு இரண்டு கியரும் தேயும். அழுத்தக் கோணம் 20 பாகை உள்ள கியரும் ஒத்துவராது. வெளிவிட்டத்தை அளந்து கோணத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், மாதிரிக் கியரோடு கவ்விச் சுற்றிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

அமெரிக்க பாஸ்டன் கியர் நிறுவனத்தின் பட்டியலில் 20 டிபி, 14½ பாகை கியர்கள் ஆயத்த சரக்காகவே உண்டு. துளையை மட்டும் உங்கள் லேத்தில் பெரிதாக்கி, கியரை அச்சோடு பூட்டும் சாவிக் காடி வெட்டிக்கொள்ளலாம். கோயம்புத்தூருக்குப் போகிறவர் யாராவது வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல வழி உண்டு. அங்கே கியர் வெட்டும் பட்டறைகள் நிறைய. மாதிரிக் கியர் ஒன்றையும், பல் எண்ணிக்கை, டிபி, கோணம், துளை, சாவிக் காடி, அகலம் எல்லாம் எழுதிய தாளையும் கொடுத்தனுப்புங்கள். மாதிரி இல்லாமல் வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

நான்கு கியரும் உடனே வேண்டுமா என்றும் யோசியுங்கள். மரை வெட்டும்போது சாடிலை நகர்த்தும் லீட் ஸ்குரூவில் அங்குலத்துக்கு 8 சுற்று. எந்த மரையை வெட்டப் போகிறீர்களோ அதற்கு வேண்டிய விகிதத்தைக் கணக்கிட்டு, அதற்கான கியரை மட்டும் முதலில் வாங்கினால் போதும். மெட்ரிக் மரைக்கு 127 பல் கியர்தான் துல்லியமானது: 1.5 மிமீ மரைக்கு 60-க்கு 127. ஆனால் 20 டிபியில் அதன் வெளிவிட்டம் ஆறரை அங்குலத்தை நெருங்கும். இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உடைந்த பேக் கியர் சக்கரமும், சும்மா சுற்றும் கைப்பிடிக்கான கிராஸ் ஸ்லைடு நட்டும் இங்கிலாந்திலிருந்து வரட்டும். நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் இருந்த மைஃபோர்ட் நிறுவனம் 2011-இல் மூடப்பட்டது. பெயரை ஆர்டிஜி டூல்ஸ் வாங்கி, உதிரிபாக விற்பனையைத் தொடர்கிறது. அங்கே இல்லாததைப் பழைய லேத்தைப் பிரித்து விற்பவர்களிடம் ஈபேயில் தேடலாம். கேட்கும்போது பெட்டில் வெட்டியிருக்கும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். எம்எல்7-க்கு அது கே என்ற எழுத்தில் தொடங்கும். ஒரே பொட்டலமாக வரவழையுங்கள். தபாலிலோ விமானத்திலோ வரும் பொருளின் மதிப்பு, அனுப்பும் செலவு, காப்புறுதி சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே இறக்குமதியின்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரி கட்ட வேண்டும். அதற்குக் குறைந்தாலும், இங்கே பதிந்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர் 2023 முதல் அந்த வரியை விற்கும்போதே வாங்கிக்கொள்வார். எனவே விலையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்தே பாருங்கள்.

நட்டை ஆர்டர் செய்யும் முன் ஒரு சோதனை. கிராஸ் ஸ்லைடு ஸ்குரூவில் அங்குலத்துக்கு 10 சுற்று, கால் சுற்று என்றால் டயலில் 25 கோடு, 0.025 அங்குலம். இவ்வளவும் நட்டின் தேய்மானம் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்லைடை அசையாமல் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கைப்பிடியே நகர்ந்தால் குறை அங்குள்ள காலரில் இருக்கிறது. அதை இறுக்கினாலே பாதி ஆட்டம் போய்விடலாம். மீதியை, வெட்டுக்கு எப்போதும் ஒரே திசையிலிருந்து சுற்றி வருவதன் மூலம் நட்டு வரும்வரை சமாளிக்கலாம்.

பேக் கியர் இல்லாமலும் லேத் இன்றே ஓடும். மெதுவான வேகத்துக்கும் மரை வெட்டவும்தான் அது வேண்டும். நேரடி வேகத்தில் கடையவும் துளையிடவும் தடையில்லை. இந்தச் சக்கரத்தில் பல் உடைவதற்கு வழக்கமான காரணம், இறுகிப்போன சக்கைக் கழற்றுவதற்காகப் பேக் கியரைப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டுவது. புதுச் சக்கரம் வந்த பிறகு அதை ஒருபோதும் செய்யாதீர்கள். சக்கின் தாடையில் நீளமான பிடியைக் கொடுத்து, பெல்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு தட்டிக் கழற்றுங்கள்.

பின்தட்டுக்கு, மரை மட்டும் வெட்டிய அரைகுறை வார்ப்பை வாங்கினால் போதும். ஸ்பிண்டில் மூக்கின் மரை 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 12 சுற்று, விட்வொர்த் வடிவம், 55 பாகை. அதே விட்டத்திலும் அதே எண்ணிக்கையிலும் அமெரிக்க யுஎன்எஃப் மரை ஒன்று உண்டு. அதற்கு 60 பாகை. மைஃபோர்ட்டுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பின்தட்டை உங்கள் ஸ்பிண்டிலிலேயே ஏற்றி, முகத்தையும் சக் உட்காரும் படியையும் அங்கேயே கடையுங்கள். வேறு லேத்தில் கடைந்த பின்தட்டு இதில் ஓடும்போது ஆடும். இதிலேயே கடைந்தது உங்கள் ஸ்பிண்டிலின் மையத்தில் சுற்றும்.

பழைய மோட்டாரின் வயர் உறை ரப்பர் என்றால், வளைத்துப் பாருங்கள். நொறுங்கினால் மாற்றியாக வேண்டும். அந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுங்கள், மோட்டாரின் உடலுக்கு எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.