கண்ணாடிக் கடை டெஸ்ட் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை. பார்வையில் குறை இல்லை. கண்ணாடிக் கடையில் இலவசமாகக் கம்ப்யூட்டர் டெஸ்ட் பார்த்து, 'கண் நன்றாக இருக்கிறது' என்றார்கள். சர்க்கரை டாக்டரோ கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். அவசியமா? - வாசகர், திண்டுக்கல்.

பதில்: அவசியம். இந்த மாதமே போங்கள்.

கடையில் பார்த்தது பவரை மட்டும். சர்க்கரை கெடுப்பது கண்ணின் உள்ளே, பின்பக்கம் இருக்கும் விழித்திரையை. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும், அடைத்துக்கொள்ளும். விழித்திரையின் நடுப்பகுதி கெடாதவரை போர்டின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடுவீர்கள். வலியும் இருக்காது. கண்முன் கறுப்பு நூல் மிதக்கிறது என்று ஓடி வருகிறவர்களில் பலர், முந்தின வாரம்வரை குறையில்லாமல் பார்த்தவர்கள்தான்.

இலவச டெஸ்டின் நோக்கம் கண்ணாடி விற்பது. சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். அன்றே ஆர்டர் கொடுத்தால், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அந்தக் கண்ணாடி உதவாது. சில வாரம் பொறுத்து வாங்குங்கள். வேன் வைத்து அழைத்துப்போகும் முகாம்களிலும் கவனம்: பல இடங்களில் புரையைத்தான் தேடுகிறார்கள். 'புரை இல்லை' என்றால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

'இன்சுலின் போட்டால் கண் போய்விடும்' என்றும் யாராவது சொல்வார்கள். அதில் துளி உண்மை உண்டு. பல வருடம் எகிறிக் கிடந்த சர்க்கரையை வேகமாக இறக்கினால், ஏற்கெனவே பழுதான விழித்திரை சில மாதம் மோசமாகலாம். அதனால்தான் இன்சுலின் ஆரம்பிக்கும் முன்பே கண்ணைப் பார்த்துவிட வேண்டும். அதற்காக இன்சுலினை நிறுத்தாதீர்கள். நாள்பட, கட்டுப்பாடுதான் கண்ணைக் காக்கும்.

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்லதுதான். கண் பரிசோதனைக்கு மட்டும் நோயாளி இன்னொரு சீட்டு, இன்னொரு வரிசை, இன்னொரு நாள் என்று அலைய வேண்டியிருக்கிறது. மாத்திரைச் சீட்டிலேயே கண் பார்க்கும் தேதியையும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) விரிந்த பிறகு பார்ப்பார்கள். 'விழித்திரையைப் பார்த்தீர்களா?' என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். பழுதில்லை என்றால் வருடம் ஒருமுறை போதும். இருந்தால், பழுதின் அளவைப் பொறுத்து லேசரோ ஊசியோ சொல்லலாம். தள்ளிப்போடாதீர்கள், இழந்த பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. சொட்டு விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரோடு பஸ்ஸில் போங்கள்.