தொலைபேசியில் கிளினிக்கை நம்பலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அம்மாவுக்கு இருதயப் பலவீனம். யாழ்ப்பாணத்தில் பத்து நாள் வார்ட்டில் மறித்து வைத்திருந்து, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு ஒட்டுசுட்டானுக்கும் உள்ளே. "ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் வரவேண்டாம், இடையில் தொலைபேசியில் பார்த்துக்கொள்கிறோம்" என்று வார்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். இது உண்மையாகவே பார்ப்பதா, இல்லை தட்டிக்கழிப்பதா என்று கேட்கிறீர்கள்.

நான் வைத்தியத்துறையில் இருப்பவள் இல்லை. மல்லாவிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். என் அப்பாவுக்கும் இதே வருத்தம், இதே ஏற்பாடு, இரண்டு வருடமாக. நம்பலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் தொலைபேசிக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. வீட்டில் ஒருவர் அளந்து, அமுக்கி, எண்ணிச் சொன்னால்தான் அந்தப் பக்கம் இருக்கும் வைத்தியருக்கு ஏதாவது தெரியவரும்.

முதல் அழைப்பு நாங்கள் வீடு வந்த மூன்றாம் நாள் வந்தது. அப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நின்றபடியே பேசினார். டொக்டரோடு இருந்துகொண்டு பேசுவது மரியாதை இல்லையாம். "எப்படி ஐயா, சுகமா?" என்று கேட்டதற்கு "உங்கள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை டொக்டர்" என்றார். முதல்நாள் இரவு மூச்சு முட்டி, படுக்க முடியாமல், விடியும்வரை சுவரோடு சாய்ந்திருந்தவர் அவர்தான். அம்மா குசினி வாசலில் நின்று கையைக் கையை ஆட்டினார். நான் தொலைபேசியை வாங்கி நடந்ததைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வார்ட்டிலிருந்து பேசுகிற மிஸ்ஸி, அதாவது தாதி, "சுகமா?" என்று கேட்பதையே விட்டுவிட்டார். "இரவு எத்தனை தலையணை வைத்தீர்கள்? கிணற்றடிக்குப் போய்வர எத்தனை இடத்தில் நின்றீர்கள்?" என்றுதான் கேட்பார். இரண்டு தலையணை மூன்றாகிவிட்டது என்றால் அதற்குப் பொருள் உண்டு. "பரவாயில்லை" என்ற பதிலை வைத்து அவர் என்ன செய்வது?

அடுத்தது நிறை. வார்ட்டில் சொல்லிவிட்டார்கள்: காலையில் சலம் கழித்துவிட்டு, தேநீர் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடுப்போடு, நாளும் நிறுக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. அது சதை இல்லை, உடம்பில் தேங்கும் நீர். எங்கள் வீட்டில் தராசு இல்லை. அடுத்த வளவில் பெரியப்பா நெல் வாங்கி விற்பவர். அவரிடம் மூடை நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருக்கிறது. அப்பா காலையில் வேலிப் பொட்டால் போய் அதில் ஏறி நின்று, "அண்ணை, இன்றைக்கு என்ன விலை போகிறேன்?" என்று கேட்பார். பெரியப்பா நிறையை உரத்துச் சொல்ல, நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொப்பியில் எழுதுவேன்.

ஒரு வைகாசியில் அந்தக் கொப்பியில் 64.2 என்று இருந்தது மூன்றாம் நாள் 66.6 ஆகியது. அப்பாவிடம் கேட்டால் ஒன்றும் இல்லை என்றார். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின்மேல் பெருவிரலால் அழுத்தி ஐந்துவரை எண்ணி எடுத்தேன். பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல் குழி அப்படியே நின்றது. வார்ட் இலக்கத்துக்கு நானே அழைத்தேன். டொக்டர் நிறையைக் கேட்டார், குழி எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டார், கடைசியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வீடே அமைதியாகிவிட்டது. மாமி முல்லைத்தீவிலிருந்து கொண்டுவந்த கருவாடு, மூன்று நாளாக. அதிலுள்ள உப்புத்தான் நீரைத் தேக்கியிருக்கிறது. சலம் போகும் குளிசையை மூன்று நாளைக்குக் கூட்டச் சொன்னார். நான்காம் நாள் பக்கத்து வைத்தியசாலையில் குருதி சோதித்து முடிவைச் சொல்லச் சொன்னார். அந்தக் குளிசையைக் கூட்டினால் பொட்டாசியம் இறங்கலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே இதை வாசித்துவிட்டு நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

வீடியோ அழைப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு அது கைகொடுத்தது ஒரே ஒரு முறை. ஆனால் அந்த ஒருமுறை பெரிய காரியம். அப்பாவுக்குக் கிணற்றடியில் தலை சுற்றியது, இரண்டு நாளாக. டொக்டர், வீட்டில் இருக்கும் குளிசை எல்லாவற்றையும், பழையது புதியது பாராமல், பாயில் பரப்பிக் காட்டச் சொன்னார். வைத்தியசாலை தந்த கடதாசி உறையில் லொசார்டன். வருத்தத்துக்கு முன்பே தனியார் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்த அட்டையில் வேறொரு பெயர், அதுவும் பிரஷருக்கு. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, அதுவும் லொசார்டன். காலையில் ஒன்று, இரவில் மற்றது என்று அப்பா இரண்டையும் ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருந்தார். கிளினிக்கில் இது பிடிபட்டிருக்காது. கிளினிக்குக் கொப்பியைத்தானே கொண்டுபோகிறோம், அலுமாரியைக் கொண்டுபோவதில்லையே.

வாசிக்கும் பழக்கம் இருப்பதால் இதைப் பற்றியும் தேடிப் பார்த்தேன். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இருதயப் பலவீனத்தால் வைத்தியசாலையில் இருந்து வந்த 1,653 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேர் நாளும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்கு அழைத்து, நிறையையும் உடல்நிலையையும் இலக்கங்களை அழுத்திப் பதிய வேண்டும். திரும்ப மறிக்கப்பட்டதிலும் இறப்பிலும் இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. அழைக்க வேண்டியவர்களில் ஏழில் ஒருவர் அந்த இயந்திரத்தை ஒருமுறைகூட அழைக்கவில்லை. 2018இல் வெளியான ஜெர்மன் ஆய்விலும் 1,500க்கு மேற்பட்டவர்கள். அங்கே நிறை, பிரஷர், ஈசிஜி எல்லாம் நாளும் பெர்லினுக்குப் போகும். இரவும் பகலும் வைத்தியர்களும் தாதியரும் இருந்து பார்த்து, வேண்டியபோது நோயாளியோடு பேசுவார்கள். அங்கே வைத்தியசாலையில் கழிந்த நாட்களும் குறைந்தன, இறப்பும் குறைந்தது. நாடும் வேறு, வசதியும் வேறு என்பது தெரியும். ஆனாலும் இயந்திரம் கருவாட்டைப் பற்றிக் கேட்டிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது.

2020 ஊரடங்கு நாட்களில் கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பெரிய உதவி. ஆனால் அம்மாவின் சீனி வருத்தத்துக்கு அதே குளிசை அதே அளவில் வந்ததே தவிர, சீனி எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. வார்ட்டில் உங்களுக்குச் சொன்ன ஏற்பாடும் அப்படித்தானா என்று விசாரியுங்கள். யார் அழைப்பார், எந்த நாளில், இடையில் நாங்கள் அழைக்க எந்த இலக்கம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் உங்கள் சந்தேகம் சரிதான்.

இருதயம் மட்டும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் 2009இல் ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாத தம்பி ஒருவன் இருக்கிறான். படுக்கைப்புண்ணுக்கு மறித்து, ஆறிவரும்போது வீட்டுக்கு விட்டார்கள். அவனுடைய தாய் கிழமைக்கு ஒருமுறை புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியை வைத்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். குற்றி பக்கத்தில் இருந்தால்தான் புண் சுருங்குகிறதா என்று தெரியும். மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாப் புண்ணும் சிவப்பாகத் தெரிகிறது என்று அவர் இப்போது முற்றத்தில் வெயில் ஏறியபின்தான் எடுக்கிறார். ஆனால் புண்ணின் மணத்தைப் படம் காட்டாதே, அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கடங்களும் உண்டு. ஒருமுறை எடுத்த டொக்டர் சிங்களவர். நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசினார். நேரில் என்றால் கையைக் காலைக் காட்டிச் சமாளித்திருக்கலாம். தொலைபேசியில் அது நடக்கவில்லை. மிஸ்ஸி வரும்வரை இரண்டு பக்கமும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டு இருந்தோம். அப்பாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கவும் யாராலும் முடியாது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாங்குளத்துக்கு வந்து ஏ9 வீதியில் பஸ் ஏறத்தான் செய்கிறோம். முன்பு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் துணைக்கு ஒருவர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு. மாரியில் வவுனிக்குளம் வான் பாய்ந்து பாதை மூடும் நாட்களில் இந்த அழைப்பு இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

நெஞ்சு நோ, படுக்காமலே மூச்சு முட்டல், மயக்கம் என்றால் வார்ட் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நேரே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸுக்கு அழையுங்கள். வடக்கில் அது 2018இலிருந்து ஓடுகிறது, காசும் இல்லை.

உங்கள் அம்மாவுக்கு ஏற்பாட்டைச் சம்மதியுங்கள். முதல் அழைப்புக்கு முன்பே ஒரு தராசு பாருங்கள், கடன் வாங்கியது என்றாலும் பரவாயில்லை, நாளும் அதே தராசாக இருக்கட்டும். வீட்டில் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறது என்றும் பார்த்து வையுங்கள். எங்களுக்கு அது மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்துப் பாலைமரத்தடி. அப்பாவின் சாய்மனைக் கதிரை இப்போது அங்கேதான் கிடக்கிறது. அழைப்பு வந்தால் இன்றைக்கும் எழுந்து நின்றுதான் பேசுகிறார்.