தாத்தாவின் பெட்டியில் இருந்த இறந்தவரின் படம்: எங்கே தேடுவது?

வணக்கம். தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடைத்த படத்தில் மாலையுடன் கிடத்தப்பட்டிருப்பவர் யார் என்று தெரியவில்லை என்றும், பின்புறம் "1951, தஞ்சோங் பகார்" என்பது மட்டுமே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்தது.

தஞ்சோங் பகார் இங்கே சிங்கப்பூரில் உள்ள பகுதி என்பதால், சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். திடீர் மரணம் என்றால் மரண விசாரணைச் செய்தி வந்திருக்கலாம். ஆங்கில ஏடுகளில் ஒரே பெயரைப் பலவாறு எழுதினார்கள் என்பதால், எடுத்துக்காட்டாகச் சுப்பையா என்ற பெயரானாலும் ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றித் தேட வேண்டியிருக்கும். ஆனால் தமிழ் முரசு நாளிதழைப் பொறுத்தவரை, சொல்லை உள்ளிட்டுத் தேடாதீர்கள். 1983-இல் இங்கு எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் "லை", "னை" போன்றவை துதிக்கை வளைந்த பழைய வடிவில் அச்சானதால் தேடுபொறி அவற்றைத் தவறவிடக்கூடும். ஆகவே நாள்வாரியாகப் பக்கங்களைப் புரட்டுவதே நல்லது. அலுப்பான வேலைதான், ஆனால் அவருக்கு ஒரு பெயர் கிடைக்க அதைச் செய்யத்தான் வேண்டும்.

பெயர் கிடைத்தபின் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தில் இறப்புப் பதிவைக் கேட்கலாம். அதற்குமுன் படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் ஸ்டூடியோவின் அழுத்த முத்திரை இருக்கக்கூடும்.