கோயில் வாசலில் நிற்கிற பாக்கி

கேள்வி: எனக்கு இரண்டு கரைவலை இருக்கிறது. மூன்று வருஷமாக உபவாச ஜெபத்தில் ஒழுங்காக நிற்கிறேன். கொலோசெயர் 3:2 சொல்வதுபோல மேலானவைகளிலேயே மனதை வைக்கப் பார்க்கிறேன். ஆனால் என் வலை இழுக்கிற ஆட்கள், பங்குக்காசு பாக்கி என்று ஞாயிறு ஆராதனை முடியும் நேரம் பார்த்து கோயில் வாசலிலேயே வந்து நிற்கிறார்கள். சீசன் முடியட்டும், தருகிறேன் என்றாலும் கேட்கிறார்களில்லை. இந்தப் பூமிக்குரிய பேச்சால் மனம் குழம்பாமல் இருக்க என்ன வழி?
- திருகோணமலை வாசகர் ஒருவர்

பதில்: பாக்கியைக் கொடுத்துவிடுங்கள், ஐயா. மனம் குழம்பாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். வசனம் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால், வசனத்துக்குள்ளேயே நின்று மிச்சத்தையும் சொல்கிறேன்.

"பூமியிலுள்ளவைகளையல்ல, மேலானவைகளையே நாடுங்கள்" என்று கொலோசெ ஊர்ச் சபைக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுல், பூமிக்குரியது எது என்பதை நம் ஊகத்துக்கு விடவில்லை. மூன்று வசனம் தள்ளிப் பட்டியல் வருகிறது. அதில் வலை இல்லை, கூலி இல்லை, வீட்டுச் செலவு இல்லை. பொருளாசை இருக்கிறது, அதை விக்கிரகாராதனை என்றே சொல்கிறார். அப்புறம் கோபம், மூர்க்கம், பொய். மேலானவற்றை நாடுகிறவர் எதைத் தரித்துக்கொள்ள வேண்டும் என்பது 12ஆம் வசனத்தில் இருக்கிறது: உருக்கமான இரக்கம், தயவு, மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை. இதெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே பழகக்கூடியதா? எதிரே ஒரு ஆள் வேண்டும். உங்களுக்கு வாசலிலேயே நிற்கிறார்கள்.

இன்னும் வாசித்துக்கொண்டு போங்கள். "எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்" என்று வரும். அது நான்காம் அதிகாரம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். பவுல் எழுதியது ஒரே கடிதம். அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. பரலோகத்தை நினைத்துக்கொள் என்று அவர் எஜமானுக்குச் சொல்வதே வேலைக்காரனுக்குச் சேர வேண்டியது சேரட்டும் என்பதற்காகத்தான். நீங்களோ பரலோகத்தைச் சாட்டி வேலைக்காரனை நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தோடு கொலோசெக்கு வந்தவர்களில் ஒநேசிமுவும் ஒருவன். அந்த ஊர்க்காரன், பிலேமோன் என்பவரின் அடிமை. அவன் விஷயமாகப் பவுல் பிலேமோனுக்குத் தனியே ஒரு கடிதம் எழுதினார். பவுல் அப்போது காவலில் இருக்கிறார். அந்த நிலையிலும் என்ன எழுதுகிறார் பாருங்கள்: அவன் உம்மிடத்தில் கடன்பட்டது உண்டானால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." அதோடு விடவில்லை. பவுலாகிய நான் என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். மேலானவைகளை நாடுங்கள் என்ற அதே மனுஷன், இன்னொருவனுடைய கடனுக்குக் கையெழுத்து வைக்கிறார். காசுப் பேச்சு அவருடைய ஜெபத்தைக் கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் திருகோணமலை டச்பே கரையில், வலை இழுத்து முடித்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கயிறு உரசி உரசி உள்ளங்கை தடித்து, விரல்களை முழுதாக நீட்ட முடியாமல் இருந்தது. சேட் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கலண்டரில் கிழித்த தாள். பின்பக்கத்தில் எந்த நாள், என்ன மீன், எத்தனை பெட்டி என்று பென்சிலால் எழுதியிருந்தார். வியர்வையில் பாதி அழிந்துபோன இடங்களில் திரும்பவும் எழுதியிருந்தார். முதலாளி கணக்கை மறந்தாலும் தான் மறக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார். உங்கள் ஆட்களிடமும் அப்படி ஒரு தாள் இருக்கும்.

சீசன் முடியட்டும் என்கிறீர்கள். சீசன் முடிந்தால் வாடைக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது வலை வளைக்க முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவரை அவர்கள் வீட்டு அரிசி எங்கிருந்து வரும்? மனைவியின் காதில் கிடப்பது அடகுக்கடைக்குப் போகும். கூலிக்காரனுக்கு "பொழுதுபோகுமுன்னே" கொடு என்கிறது உபாகமம். பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும், அது கர்த்தரின் செவியில் படும் என்கிறார் யாக்கோபு. உங்கள் உபவாச ஜெபம் போய்ச் சேருகிற அதே செவியில்தான்.

பொருள் நிலைக்காது என்பதை இந்தக் கரைக்கு யாரும் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிறு. தோணியும் வலையும் ஒரே காலையில் போனதை நம் கண்ணாலேயே பார்த்தோம். அதைப் பார்த்த பிறகும் இன்னொருவனுடைய பங்கை இறுக்கிப் பிடிக்க எப்படி மனம் வருகிறது?

பரலோகத்தின்மேல் உங்களுக்கு இருக்கும் வாஞ்சையை நான் சந்தேகப்படவில்லை. மூன்று வருஷம் உபவாசம் இருப்பது சின்ன விஷயமில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு நீங்களே கரைக்குப் போங்கள். ஒவ்வொருவரோடும் மணலில் உட்கார்ந்து, அவர் வைத்திருக்கிற தாளையும் வாங்கிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அவருடைய கணக்கையே எடுங்கள். முழுக்காசும் கையில் இல்லையா, சரி, இருப்பதைக் கொடுத்துவிட்டு, மிச்சம் எவ்வளவு, எந்தத் திகதியில் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.